வெயிலில் எடுத்த படம்

"கறுப்பாக்கிட்டானுங்க சார்! நம்ம வீட்டுப் பொண்ணைக் கரிச்சட்டி ஆக்கிட்டானுங்க!"

வாஞ்சிநாதன் அந்த அட்டையைச் சமையலறை மேடைமேல் அறைந்தார். பக்கத்திலிருந்த காபித் தம்ளர் ஒரு தடவை குதித்து, நல்லவேளையாக நின்றுகொண்டது. நியூஜெர்சியின் ஹேடன்ப்ரூக் டவுன்ஷிப்பில் அந்த அக்டோபர் சனிக்கிழமை எல்லா வீட்டுத் தபால்பெட்டிக்கும் அந்த அட்டை வந்திருந்தது. கல்யாணப் பத்திரிகை கனம், கண்ணைப் பறிக்கிற பளபளப்பு. அதில் இருந்தவள் சாந்தாமணி. டவுன்ஷிப் கவுன்சில் தேர்தலில் நிற்கிற வேட்பாளர், இந்த வீட்டுக்காரி, குதித்த தம்ளரில் காபி கலந்து கொடுத்தவளும் அவள்தான்.

படத்தில் அவள் வாய் திறந்திருந்தது. கையில் ஒரு தட்டி. முடி பறக்க, நெற்றியில் வியர்வை மின்ன, நல்ல கறுப்பாக, நல்ல கோபமாக இருந்தாள். மேலே கொட்டை எழுத்தில் "இந்தக் கோபம் யாருக்காக?" என்று கேட்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு கோபுரம். இந்தப் பக்கத்துக் கோயிலுடையது இல்லை. தாய்லாந்தோ கம்போடியாவோ, இணையத்தில் இனாமாகக் கிடைத்த ஏதோ ஒன்று. அட்டையைத் திருப்பினால் இரண்டு வரி: "தினமும் மாலையில் இவர் கூட்டத்தில் இருக்கிறார். இவருடைய மகளோடு வீட்டில் இருப்பது யார்?" அதற்கும் கீழே, "ஹேடன்ப்ரூக் ஹேடன்ப்ரூக்காகவே இருக்கட்டும்."

எதிர்த்து நிற்கும் கிரெக் ஹாலண்டின் பெயர் எங்கும் இல்லை. அவருடைய நண்பர்கள் நடத்தும் ஏதோ ஒரு வீட்டுச் சொந்தக்காரர் கமிட்டியின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. சிரித்துக் கைகுலுக்குவதற்கு ஓர் ஆள், சேறு அள்ளிப் போடுவதற்கு வேறோர் ஆள் என்று பிரித்து வைத்துக்கொள்வது இந்த வியாபாரத்தில் வழக்கம்.

"ரெண்டு ஷேடு இறக்கியிருக்கான் சார். கம்ப்யூட்டர்ல பண்ற வேலை. டிவில காட்டினா அவன் கதையே முடிஞ்சுது" என்றார் வாஞ்சிநாதன்.

வாஞ்சிநாதன் ஓய்வுபெற்றவர். கோயிலில் டிரஸ்டி, தமிழ்ச் சங்கத்தில் முன்னாள் தலைவர், சாந்தாமணியின் பிரசாரத்தில் எல்லாம். தேர்தலில் நிற்பது அவள். நிறுத்தி வைத்திருப்பது தான் என்பது அவர் கணக்கு. சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர் அவரைச் சுற்றி நின்று, சந்தையில் மாட்டுப் பல்லைப் பார்ப்பவர்கள் மாதிரி அட்டையைக் குனிந்து பார்த்தார்கள்.

சாந்தாமணியும் பார்த்தாள். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த தன் தேர்தல் பலகையையும் பார்த்தாள். ஹேடன்ப்ரூக் முழுக்கப் புல்வெளிகளில் நட்டு வைத்திருக்கும் பலகை அது. அதில் ஒரு பெண் கோதுமை நிறத்தில், கழுத்தில் முத்துமாலையோடு, பல் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். காலையில் பல் துலக்கும்போது கண்ணாடியில் பார்த்த முகம் இந்தப் பலகையில் இல்லை. ஹாலண்ட் ஆட்களின் அட்டையில்தான் இருந்தது.

"இது மாத்துன படம் இல்லீங்க" என்றாள். "ஜூலை மாசம் ஹைவே ஓரத்துல நின்னமுங்களே, நடைபாதை கேட்டு. அப்ப எடுத்தது. நல்ல வெயில்."

"வெயில்லகூட நீங்க இப்படி இருக்க மாட்டீங்கம்மா!" வாஞ்சிநாதன் அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாங்க டெய்லி பாக்கறோமே!"

மாடிப்படியில் உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டிருந்த மகள் மானஸா தலையைத் தூக்கினாள். அவளுக்குப் பதினேழு வயது. தமிழ் புரியும், வாயில் வராது.

"அம்மா, தட்ஸ் லிட்டரலி யுவர் ஃபேஸ்."

"மானஸா, மேல போ" என்றார் அவள் அப்பா சுவாமிநாதன். அந்தக் கூட்டத்தில் அதுவரை அவர் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

சாந்தாமணி அட்டையைத் திருப்பிப் போட்டாள். "பின்னாடி என்ன எழுதியிருக்கான்னு படிச்சீங்களா? மகளோட வீட்டுல யாருன்னு கேக்கறான். ஹாலண்டுக்கு மூணு பசங்க. அவரை யாராச்சும் கேட்டாங்களா?"

"அது பாலிடிக்ஸ்மா, விடுங்க." வாஞ்சிநாதன் ஈ ஓட்டுவதுபோலக் கையை வீசினார். "அதுவுமில்லாம, நம்ம லேடீஸே அதைக் கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்றதுன்னு முழிக்கறேன். கலர் மேட்டர்தான் ஸ்ட்ராங். திங்கக்கிழமை லைப்ரரி முன்னாடி பிரஸ் மீட். ரெண்டு படத்தையும் பெருசா அட்டை போட்டு வெப்போம். இது எங்க வேட்பாளர், இது நீங்க பண்ண அக்கிரமம். நீங்க கண்ணு கலங்க நாலு வரி படிங்க, போதும். ஓட்டு கொட்டும்."

"லொரெட்டாவும் பேசணுமுங்களே. ரெண்டு பேரும் சேர்ந்துதானே நிக்கறோம்."

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்களின் பார்வை அது. கடைசியில் வாஞ்சிநாதன்தான் வாய் திறந்தார்.

"அவங்க அன்னிக்கு வர வேணாம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. தங்கமான லேடி. ஆனா பக்கத்துல நின்னாங்கன்னா நம்ம பாயின்ட் அடிபட்டுடும். நம்மளைக் கறுப்பாக்கிட்டாங்கன்னு கம்ப்ளெயின்ட் பண்றோம்... கான்ட்ராஸ்ட்னு ஒண்ணு இருக்கில்ல?"

லொரெட்டா பள்ளிப் பேருந்துகளை ஓட்டியும் அனுப்பியும் முப்பது வருஷம் உழைத்து ஓய்வுபெற்ற கறுப்பினப் பெண். ஹைவே ஓரத்தில் பிள்ளைகள் புத்தகப்பையோடு லாரிக் காற்றில் ஆடிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்து, நடைபாதை வேண்டும் என்று கவுன்சில் கூட்டத்தில் எழுந்து நின்றவள் அவள். அடுத்த வரிசையில் எழுந்தவள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கும் சாந்தாமணி. எழுந்து எழுந்து கால் வலித்த பிறகுதான் இரண்டு பேரும் ஒரே அணியாக, ஆளுக்கு ஓர் இடத்துக்குத் தேர்தலில் நிற்பது என்று முடிவானது. அப்போது வாஞ்சிநாதன் எங்கேயும் இல்லை. மாவட்டக் கட்சிக்காரர்கள் இவர்களுக்குச் சீட்டு கொடுத்த பிறகு பொன்னாடையோடு வந்து சேர்ந்தார்.

"காபி இன்னும் கொஞ்சம் வேணுமுங்களா?" என்று கேட்டாள் சாந்தாமணி. வேண்டாம் என்றார்கள். போய்விட்டார்கள்.

*

சுவாமிநாதன் கெட்டவர் இல்லை. பாத்திரம் கழுவுவார், குரல் உயர்த்த மாட்டார், மனைவி கூட்டத்துக்குப் போகும் நாளில் தானே ரசம் வைப்பார். அவருக்கு ஒரே பித்து, காமிரா. தீபாவளி, கொலு, மகளின் பள்ளி விழா, எல்லாவற்றையும் எடுப்பார். எடுத்ததும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து திருத்துவார். வானத்தை நீலமாக்குவார், புல்லைப் பச்சையாக்குவார், சாந்தாமணியை வெளுப்பாக்குவார்.

இது அவர் தொடங்கி வைத்ததும் இல்லை. ஈரோட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, ஸ்டூடியோக்காரரிடம் "கலரைக் கொஞ்சம் ஏத்திப் போடுங்க" என்று சொன்னவர் அவளுடைய அப்பா. ஜவுளிக் கமிஷன் மண்டி வைத்திருந்தவர். மாதிரித்துணியை எந்த வெளிச்சத்தில் விரித்துக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கரூரிலிருந்து பெண் பார்க்க வந்த சுவாமிநாதனின் அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. பெண்ணை வாசலுக்குக் கூப்பிட்டு, புடவைக்கடையில் துணியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது மாதிரி, வெயிலில் நிறுத்திப் பார்த்தாள். "போட்டோல வேற மாதிரி இருந்துச்சே" என்றாள். மாதிரிக்கும் சரக்குக்கும் வித்தியாசம் வந்தால் மண்டியில் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. பேச்சு முதலிலிருந்து தொடங்கி, கூடுதல் சீராக ஒரு காரில் முடிந்தது.

கல்யாணமான நாள் முதல், சரக்கை மாதிரிக்குச் சரிக்கட்டும் வேலையை சுவாமிநாதன் சத்தமில்லாமல் செய்துவந்தார். முதல் வருஷத்திலேயே சாந்தாமணிக்குத் தெரிந்துவிட்டது. "லைட்டிங் கரெக்ஷன்" என்றார். சரி என்று விட்டுவிட்டாள். விட்டது அப்படியே இருபது வருஷத்துக்கு மேல் நீண்டு, இப்போது ஊர் முழுக்கப் புல்வெளியில் நட்டு வைக்கப்பட்டிருந்தது.

அன்று சாயங்காலம் அவர் அறைக்குள் போய் நின்றாள்.

"ஏங்க, அந்தப் பலகைப் படத்தோட அசல் இருக்குதுங்களா?"

"ஹார்ட் டிஸ்க்ல எங்கயாவது இருக்கும். ஏன்?"

"திங்கக்கிழமை நான் என்னங்க சொல்றது? என் மூஞ்சியைக் காட்டி, அய்யய்யோ இது என் மூஞ்சி இல்லைன்னு அழுவறதா?"

சுவாமிநாதன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சாந்தா, அவங்க நல்லதுக்குத்தான சொல்றாங்க. அந்த அட்டை மோசமான அட்டைதான? அதுல சந்தேகம் இல்லையே. எந்தக் காரணம் சொல்லி அடிச்சா என்ன?"

"மோசமா இருக்கறது அட்டையில எழுதியிருக்கறதுங்க. படம் இல்லை."

"நீ எந்திரிச்சு நின்னு அது என் படம்தான்னு சொன்னா, அடுத்த கேள்வி என்ன வரும்? பலகையில வெளுத்தது யாருன்னு வரும். என் ஆபீஸ்ல பாப்பாங்க. அம்மா பாப்பாங்க. பொண்டாட்டியை வெள்ளையடிச்சவன்னு என் பேரு நிக்கும்."

"வெள்ளையடிச்சீங்கல்ல?"

அவர் திரும்பிப் பார்த்தார். கண்ணில் நிஜமான வருத்தம் இருந்தது, அதுதான் கொடுமை. "அழகா இருக்கணும்னுதானே பண்ணேன்."

சாந்தாமணி வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள்.

*

ஞாயிறு காலை லொரெட்டா தன் வீட்டு முன்படிகளில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த அட்டை. வாஞ்சிநாதனின் ஆட்கள் அவளுக்கும் செய்தி அனுப்பியிருந்தார்கள். படத்தைக் கறுப்பாக்கிய செய்தியை மட்டும். வர வேண்டாம் என்பதைச் சொல்லும் பொறுப்பைச் சாந்தாமணியிடம் விட்டுவிட்டார்கள்.

லொரெட்டா கொதித்துப் போயிருந்தாள். "இந்த வித்தை எனக்குப் பழசு" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். "என் கஸின் ஸ்கூல் போர்டுக்கு நின்னப்போ அவ படத்தை இருட்டாக்கி, கண்ணை மட்டும் வெள்ளையா விட்டு அடிச்சாங்க. போலீஸ் தேடற ஆள் மாதிரி. நாளைக்கு நான் பேசறேன், கண்ணு. நீ சும்மா பக்கத்துல நில்லு. இந்த ஊர் காது கிழியற மாதிரி பேசறேன்."

சாந்தாமணி தூண் நிழலில் நின்றிருந்தாள். லொரெட்டா அட்டையைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"இப்படி வெளிச்சத்துக்கு வா."

சாந்தாமணி நிழலை விட்டு வெளியே வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒருத்தி இப்படிக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறாள். அன்றைக்குத் தலை குனிந்து நின்றாள். இன்றைக்குக் குனியவில்லை.

"இது உன் முகம்."

"ஆமா."

"அவங்க இதைத் தொடவே இல்லை."

"இல்லை."

லொரெட்டா அட்டையை மெதுவாக மடியில் வைத்தாள். அவள் குரலில் இருந்த சூடு இறங்கிவிட்டது. அதற்குப் பதில் வந்தது சூட்டைவிட மோசமாக இருந்தது. "அப்ப உங்க ஆளுங்களுக்கு எதுல கோவம்? என் மூஞ்சியைப் பாத்து சொல்லு."

சாந்தாமணி பார்த்தாள். பதில் அந்த முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. இவளைப் போல ஆக்கிவிட்டார்கள் என்பதுதான் கோபம். அதை வாயால் சொல்ல முடியவில்லை. ஆனால் இன்னொன்றைச் சொல்லாமல் மறைப்பது அதைவிடக் கேவலமாகப் பட்டது.

"நாளைக்கு நீங்க என் பக்கத்துல நிக்க வேணாம்னு சொல்லச் சொன்னாங்க."

லொரெட்டா சிரித்தாள். உதடு மட்டும் சிரித்தது. "வெளுப்பா தெரியணும்னா இன்னும் கறுப்பா ஒருத்தி பக்கத்துல நின்னாத்தானே நல்லது? வியாபாரம் தெரியாத ஆளுங்க."

"லொரெட்டா..."

"வருவேன். வாயைத் திறக்க மாட்டேன். கடைசியில நின்னுட்டு, நீ என்ன சொல்றேன்னு பாப்பேன். அதுக்கப்புறம்தான் நாம சேர்ந்து நிக்கறமா இல்லையான்னு பேச்சு."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

*

திங்கட்கிழமை நூலகத்தின் முன்புல்வெளியில் நல்ல கூட்டம். உள்ளூர் டிவிக்காரி ஒருத்தி, செய்தித்தாள்காரர்கள், போனைத் தூக்கிப் பிடித்த ஹாலண்ட் ஆள் ஒருவன். சங்கத்து ஆண்கள் கோட்டு சூட்டில் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்கள் மனைவிமார் பின்னால், வாஞ்சிநாதன் சொன்னபடி பட்டுப்புடவையில். தெருவில் போன லாரியிலிருந்து ஒருவன் "ஊருக்குப் போடி" என்று கத்திவிட்டுப் போனான். அதை ஒருவரும் அக்கிரமம் என்று சொல்லவில்லை. ஊர்க்காரர்களுக்கு அது பழக்கம். சங்கத்தாருக்கு அது கேட்காத மாதிரி இருப்பது பழக்கம்.

ஆளுயரத்துக்கு இரண்டு அட்டைகள். கறுப்பு அட்டையை வாஞ்சிநாதன் பிடித்துக்கொண்டார். கோதுமை நிற அட்டையை சுவாமிநாதன் கையில் கொடுத்திருந்தார்கள். கணவன் பிடித்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்பது ஏற்பாடு.

"எங்கள் கலாசாரத்தில் பெண் என்பவள் தெய்வம்" என்று வாஞ்சிநாதன் ஆங்கிலத்தில் தொடங்கி, நாங்கள் வரி கட்டுகிறோம், வம்புதும்புக்குப் போக மாட்டோம், மற்ற சிலரைப் போல இல்லை என்று நீட்டி, ஒருவழியாக மைக்கை அவளிடம் கொடுத்தார். கூட்டத்தின் கடைசியில் லொரெட்டா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

சாந்தாமணியின் கையில் வாஞ்சிநாதன் எழுதிக் கொடுத்த நாலு வரி இருந்தது. அவள் அதை மடித்துக் கைப்பைக்குள் போட்டாள்.

"முதல்ல ஒரு திருத்தம்" என்றாள் ஆங்கிலத்தில். "இடது பக்கம் இருக்கிற படத்தை யாரும் கறுப்பாக்கவில்லை. அது நான். ஜூலை மாதம், ஹைவே ஓரம், வெயிலில். வலது பக்கம் இருக்கிற படம்தான் பொய். அதை ஹாலண்டின் ஆட்கள் செய்யவில்லை. நாங்கள் செய்தோம்."

வாஞ்சிநாதன் பிடித்திருந்த அட்டை ஆடியது. "என்னம்மா பேசறீங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் கேட்டார். "மைக்கைக் குடுங்க."

அவள் கொடுக்கவில்லை.

"என் நிறத்தை அச்சடித்ததற்காக அவர்கள்மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. இது அவமானமான நிறம் என்று இங்கே வந்து அழ என்னால் முடியாது. இந்த நிறத்தில் என் சிநேகிதி ஒருத்தி அதோ நிற்கிறாள். என் புகார் எழுத்தைப் பற்றியது." அட்டையின் பின்பக்கத்தைப் படித்தாள். மகளோடு வீட்டில் யார் என்ற வரியை இரண்டு தடவை படித்தாள். "மூன்று பிள்ளை பெற்ற ஹாலண்டை யாரும் இதைக் கேட்டதில்லை. என்னைக் கேட்கிறீர்கள். என் ஆட்களும் கேட்கிறார்கள். ஹேடன்ப்ரூக் ஹேடன்ப்ரூக்காகவே இருக்கட்டும் என்கிறீர்கள். நான் இங்கே வீடு வாங்கிய பிறகு பிறந்த என் மகளுக்கே பதினேழு வயதாகிவிட்டது. எந்த ஹேடன்ப்ரூக்கைச் சொல்கிறீர்கள்?"

டிவிக்காரி கையைத் தூக்கினாள்.

"அப்படியென்றால் உங்கள் பிரசாரப் படம் போலி என்று ஒப்புக்கொள்கிறீர்கள்?"

"ஆமாம். அட்டையில் எழுதியிருப்பதைப் பற்றி..."

"போலி செய்தது யார்?"

"எங்கள் வீட்டில்."

"இதைப் பற்றி உங்கள் கணவர் என்ன நினைக்கிறார்?"

எல்லாக் காமிராக்களும் சுவாமிநாதன் பக்கம் திரும்பின. அவர் அந்த ஆளுயர அட்டையைத் தூக்கித் தன் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார். கோதுமை நிறத்துச் சாந்தாமணி புன்னகை பூத்தபடி டிவியில் தெரிந்தாள். அவளுக்கு அடியில் ஒரு ஜோடி ஆண் கால்கள்.

*

அன்று மாலைச் செய்தியில் ஒரே வாக்கியம்தான் ஓடியது: படத்தைத் திருத்தியதை வேட்பாளர் ஒப்புக்கொண்டார். பின்பக்கத்து வரிகளை யாரும் படிக்கவில்லை. அந்த வாரமே புது அட்டை வந்தது. இரண்டு முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, "எந்த முகத்தை நம்புவது?" என்று கேட்டிருந்தார்கள். உண்மை சொன்னதற்கு அரசியல் சந்தையில் அதுதான் விலை. அதற்குக் கொசுறாகக் கட்சிக்காரர்கள் அனுப்பி வைத்த இளைஞன் வந்து, இனிமேல் பேசும்போது கொஞ்சம் சிரித்தபடி பேசினால் நல்லது என்றான்.

சங்கத்து வாட்ஸ்அப்பில் அவளைக் கொளுத்தினார்கள். குடும்ப விஷயத்தை வெள்ளைக்காரன் முன்னால் அவிழ்த்தவள் என்றார்கள். புருஷனை நடுத்தெருவில் நிறுத்தியவள் என்றார்கள். அந்தக் கறுப்புப் பெண்மணி மந்திரம் போட்டுவிட்டாள் என்றும் ஒருவர் எழுத, கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. தமிழ் வீடுகளின் புல்வெளியில் நட்டிருந்த பலகைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டன. வெளுத்த முகத்தை அவர்களே பிடுங்கியதில் சாந்தாமணிக்கு வருத்தம் இல்லை. நட்டு வைக்க வேறு முகம் இல்லை என்பதுதான் சங்கடம்.

கரூரிலிருந்து மாமியார் பேசினாள். "என் பையன் மூஞ்சியை மறைச்சுக்கிட்டு நிக்கற மாதிரி பண்ணிப்போட்டியே!"

"அத்தை, அவரு மறைச்சது என் மூஞ்சியை வெச்சுங்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் பதில் வருவதற்குள் போனை வைத்தாள்.

அந்த வாரக் கடைசியில் சங்கம் நடுநிலை அறிவித்தது. நடுநிலை என்றால், கிரெக் ஹாலண்டைக் கோயில் மண்டபத்துக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவது. கிரிக்கெட் மைதானத்துக்கு இடம் பார்ப்பதாக அவர் சொன்னார். வாஞ்சிநாதன் அவரோடு கைகுலுக்கி நின்ற படத்தில் இருவரும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் இருந்தார்கள். படத்தை எடுத்தவர் யாரோ, கெட்டிக்காரர்.

சுவாமிநாதன் வீட்டிலேயே இருந்தார். பாத்திரம் கழுவினார். ஒருநாள் காலை அவள் கிளம்பும்போது, "அசல் கிடைச்சுது. பிரின்ட் போடட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இருபது வருஷத்து அசலையும் எடுத்து வைங்க. அதுக்கப்புறம் பேசிக்கலாம்" என்றாள் அவள். "இப்ப எனக்குப் படம் இருக்குதுங்க."

இருந்தது. லொரெட்டா தன் தெருவில் எல்லோருக்கும் வந்த ஹாலண்ட் அட்டைகளைக் கேட்டு வாங்கி, ஒரு கட்டு சேர்த்து வைத்திருந்தாள். "உன்னை உள்ளபடி அச்சடிச்சது இந்த ஊர்ல இவங்க மட்டும்தான். செலவும் அவங்களோடது" என்று சொல்லிக் காரின் பின் சீட்டில் போட்டாள். சேர்ந்து நிற்பதைப் பற்றி அதற்கு மேல் அவள் பேசவில்லை. காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

மானஸா காரை ஓட்ட, வீடு வீடாக ஓட்டுக் கேட்கக் கிளம்பினார்கள். முதல் தெருவில் லொரெட்டா இடதுபக்கத்து வீடுகளுக்குப் போனாள், சாந்தாமணி வலதுபக்கம். ஒரு வீட்டில் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் அட்டையைப் பார்த்ததும் கதவை முகத்தில் அடித்தார். இன்னொரு வீட்டில் ஒருத்தி, "இவ்வளவு நேரம் வெளியே இருக்கிறாயே, வீட்டில் சமையல்?" என்று நிஜமான அக்கறையோடு விசாரித்தாள். மூன்றாவது வீட்டின் வாசலில் மாக்கோலம் இருந்தது. புல்லில், பலகையைப் பிடுங்கிய இடத்தில் இரண்டு சின்னக் குழிகள்.

மணியை அழுத்தினாள். மணிக்கு மேலிருந்த காமிராவைச் சுற்றி நீல விளக்கு சுழன்றது. சங்கத்து ஆள் ஒருவரின் மனைவி விசாலாக்ஷியின் குரல் கேட்டது.

"அவர் வீட்ல இல்லைங்களே."

"விசாலாக்ஷி, நான் சாந்தாமணி. அவரைப் பாக்க வரலீங்க. உங்களுக்கும் ஓட்டு இருக்குது. உங்களைப் பாக்கத்தான் வந்தேன்."

அவள் அட்டையைக் காமிராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள், தன் முகத்துக்குப் பக்கத்தில். "இந்தப் படம் நிஜம். எழுதியிருக்கறது பொய். ரெண்டு நிமிஷம் பேசலாமுங்களா?"

"எங்க வீட்டுக்காரர் கதவைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்றது குரல். பிறகு, யாரோ பக்கத்தில் இருப்பதுபோல இன்னும் தணிந்து, "நீங்க நம்ம மானத்தையே வாங்கிட்டீங்கன்னு சொல்றார்" என்றது.

"அப்படீங்களா? அவருக்கு ஒரு போன் போடுங்க. அந்த மானம் என்ன நிறம்னு கேட்டுச் சொல்லுங்க. நான் நிக்கறேன்."

நீல விளக்கு அணையவில்லை. தெருவில் காரை நிறுத்தியிருந்த மானஸா ஹார்ன் அடித்தாள். சாந்தாமணி திரும்பிப் பார்க்காமல், இருந்துகொள் என்று கையை மட்டும் பின்னால் காட்டினாள். மதிய வெயில் அந்த வாசலில் நேராக விழுந்துகொண்டிருந்தது. ஒதுங்கி நிற்க ஓரத்தில் ஒரு முழ நிழல் இருந்தது. அவள் ஒதுங்கவில்லை.

உள்ளே தாழ்ப்பாள் ஒரு தடவை அசைந்தது.